கொல்லைக்கு எந்தக் கோழி? நாட்டுக்கோழி, காச்சுக்கான் (கலப்பினம்), முட்டைக்கோழி, கருங்கோழி: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்களும் சரி, இன்னும் லயத்தில் இருப்பவர்களும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: "பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கலாம்னு இருக்கோம், எதை வாங்குறது?" 2022 ஜூன் 1 அன்று அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2023 நவம்பரில் கோழிக்கான விலைக் கட்டுப்பாடு போனது, 2025 ஆகஸ்டில் முட்டைக்கும் போனது. கொல்லையில் நாலு கோழி இருந்தால் நல்லது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டை மட்டும் கேட்கிறார்கள்: குஞ்சு என்ன விலை, வருசத்துக்கு எத்தனை முட்டை. இந்த இரண்டும் முதல் ஆண்டுக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாம் ஆண்டில் கூடு காலியாகக் கிடப்பதும் நிறைந்திருப்பதும் வேறொரு கேள்வியில் இருக்கிறது: இந்தக் கோழி கிழடானால் அதன் இடத்துக்கு அடுத்தது எங்கிருந்து வரும்? வீட்டிலேயே பொரிக்குமா, இல்லை மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

## எதை வைத்து எடைபோடுவது

தேவை. தினசரி முட்டையா, தீபாவளிக்கு இறைச்சியா, கோயில் நேர்த்திக்கடனுக்குச் சேவலா, பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்கவா? நாலுக்கும் ஒரே கோழி கிடையாது.

இடம். அவிழ்த்துவிட முடியுமா, அடைத்தே வளர்க்க வேண்டுமா? தாமான் வீட்டின் பின்பக்கம் பத்தடி சிமெண்டுத் தரை என்றால் பாதி இனங்கள் இங்கேயே கழிந்துவிடும். தாமானில் கோழி வளர்க்க உள்ளூர் மன்றத்தின் விதிகளும் உண்டு, ஊருக்கு ஊர் மாறும். கூடு கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

தீனி. டெடாக் (கோழித்தீனி) மூட்டையின் விலையை அதன் கிலோவால் வகுத்து, ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்பதால் பெருக்கிப் பார்க்க வேண்டும். கீழே வரும் கணக்குகளில் கிலோ 2.50 ரிங்கிட் என்று வைத்திருக்கிறோம். உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைமுறை. மேலே சொன்னதுதான்.

வெயிலும் நோயும். மத்தியானம் 33, 34 டிகிரி, சாயங்காலம் அடைமழை. இந்த இரண்டையும் எது தாங்கும்?

| | நாட்டுக்கோழி | காச்சுக்கான் | பழுப்பு முட்டைக்கோழி | கருங்கோழி |
|---|---|---|---|---|
| ஆண்டுக்கு முட்டை | 50–80 | இறைச்சிக்கே வளர்ப்பது | 250–300 | 80–120 |
| முட்டை எடை | 35–45 கிராம் | – | 60–65 கிராம் | 35–40 கிராம் |
| முதல் முட்டை | சுமார் 6 மாதம் | – | 18–20 வாரம் | 6–7 மாதம் |
| அறுக்கும் வயது, எடை | 4½–5 மாதம், 1.2–1.5 கிலோ | 10–12 வாரம், 1.6–2 கிலோ | கழித்த பிறகு, 1.8 கிலோ | 5 மாதம், சுமார் 1 கிலோ |
| ஒரு நாள் தீனி | 70–80 கிராம், பாதி மேய்ச்சலில் | கடைசி வாரங்களில் 90–110 கிராம் | 110–120 கிராம் | 60–70 கிராம் |
| அடை படுப்பது | நன்றாகப் படுக்கும் | நம்ப முடியாது | படுக்காது | ஓயாமல் படுக்கும் |
| அடுத்த தலைமுறை | வீட்டில் | வெளியில் | வெளியில் | வீட்டில் |

## நாட்டுக்கோழி

முட்டைக் கணக்கில் இதைவிட நட்டமான கோழி இல்லை. மேய்ச்சல் போக 40 கிராம் தீனி போட்டால் நாளைக்கு 10 சென், வருசத்துக்கு 36 ரிங்கிட் 50 சென். 60 முட்டை என்று வைத்தால் ஒரு முட்டை 61 சென் விழுகிறது. "நாட்டுக்கோழிக்குச் செலவே இல்லை" என்பவர்கள் போட்ட அரிசியையும் சோளத்தையும் எழுதி வைத்ததில்லை.

இதை முட்டைக்காக வளர்க்கக் கூடாது, குஞ்சுக்காக வளர்க்க வேண்டும். ஒரு பெட்டை 15 முட்டை வரை இட்டுவிட்டு 21 நாள் அடை படுக்கும், அப்புறம் இரண்டு இரண்டரை மாதம் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியும். அதனால்தான் வருசத்துக்கு மூன்று நான்கு சுற்றுக்கு மேல் வருவதில்லை. பொரித்த குஞ்சுகளைத் தாயோடு அப்படியே அவிழ்த்துவிட்டால் காக்கை, உடும்பு, மழை என்று பாதிகூட மிஞ்சாமல் போவது சாதாரணம். இழப்பில் பெரும்பகுதி முதல் ஆறு வாரத்தில்தான்.

அதற்குத் தீர்வு பழைய பஞ்சாரம்தான், கொஞ்சம் மாற்றத்தோடு. தாயையும் குஞ்சையும் முதல் பத்து நாள் பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்து, குஞ்சுத் தீனி (புரதம் 20 விழுக்காடு) போடுங்கள். நாலாம் வாரம் தாயைப் பிரித்துச் சேவலோடு விடுங்கள். குஞ்சுகள் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூட்டில் ஆறு வாரம் வரை இருக்கட்டும். குஞ்சை விட்ட தாய் சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு சுற்று கூடும். ஒரு அங்குலக் கண் வலை போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். செம்பனைக் காட்டில் எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும், அந்தக் கண்ணில் எலியும் நுழையும் சின்னப் பாம்பும் நுழையும்.

தோட்டத்தை ஒட்டி மேய விடுபவர்களுக்கு இரண்டு மறைமுக ஆபத்து. ஒன்று எலிக்கு வைக்கும் விஷ மெழுகுக் கட்டி. கோழி அதையும் கொத்தும், அதைத் தின்று தள்ளாடும் எலியையும் கொத்தும். இன்னொன்று மரத்தைச் சுற்றி வட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லி. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை, என்றாலும் மற்ற மருந்துகள் அடிக்கிறார்கள். மருந்து அடிக்கும் வாரம் எது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுவைத்துக்கொண்டு, அந்த நாட்களில் கோழியை அடைத்துப் போடுவது நல்லது.

சேவல் ஒன்றுக்குப் பெட்டை எட்டிலிருந்து பத்து. இரண்டு வருசத்துக்கு ஒருமுறையாவது சேவலை வெளியிலிருந்து மாற்ற வேண்டும். மகனும் பேரனும் அதே பெட்டைகளோடு நின்றால் கூமுட்டை கூடும், குஞ்சு சிறுக்கும், வளைந்த விரலும் கோணல் அலகும் தலைகாட்டும்.

நாட்டுக்கோழியே வேண்டும் என்னும் இடம் ஒன்று உண்டு: கோயில். முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் நேர்ந்துகொண்டவர்கள் கேட்பது குறையில்லாத சேவல். கொண்டை முழுசாக, வால் தோகை நிறைய, அலகு வெட்டாமல் இருக்க வேண்டும். பண்ணையிலிருந்து வரும் எந்த இனமும் இதில் தேறாது. நல்ல சேவலுக்குக் கிலோ கணக்கில் பேரம் பேச மாட்டார்கள், உருப்படிக்கு விலை சொல்லலாம்.

## காச்சுக்கான்

பாசாரில் "கம்போங் கோழி" (நாட்டுக்கோழி) என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். பிரான்சிலிருந்து வந்த சாசோ போன்ற நிறக்கோழி வகைகள், உள்நாட்டில் உருவாக்கியவை என்று பல உண்டு. புத்ரா பல்கலைக்கழகத்தின் ஆக்கார் புத்ரா, அரசு வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி உருவாக்கிய சாகா ஆகியவை உள்நாட்டு வரிசையில் பேர் வாங்கியவை. கால் நீளம், நிறம் கலவை, பார்த்தால் நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். வளர்ச்சிதான் இரண்டு மடங்கு.

பன்னிரண்டு வாரத்தில் ஒரு கோழி ஏறக்குறைய 5 கிலோ தீனி தின்று 1.8 கிலோ நிற்கும். தீனி மட்டும் 12 ரிங்கிட் 50 சென், குஞ்சு விலையும் தடுப்பு மருந்தும் தனி. அடைத்து வளர்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏழெட்டுக் கோழி, அவிழ்த்து விட்டால் கறி இன்னும் இறுகும். 14 வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் தின்பதுதான் கூடும், எடை அந்த அளவுக்கு ஏறாது.

மறைந்திருக்கும் செலவு இதில்தான். நன்றாக வளர்ந்த ஜோடி ஒன்றைப் பிடித்து வைத்து "இதையே பொரிக்க வைப்போம்" என்று பலர் முயல்கிறார்கள். வாங்கும் குஞ்சு பெரும்பாலும் இரண்டு மூன்று தனி வரிசைகளைக் கலந்து பெற்ற கடைசித் தலைமுறை. அதன் குஞ்சுகள் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் தாறுமாறாக வரும். தாய்க்கோழியும் எடை போட்டு முட்டையைக் குறைக்கும். ஒவ்வொரு தடவையும் புதுக் குஞ்சு வாங்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

கையில் விற்பனை இருந்தால் இதற்கு ஈடில்லை. புரட்டாசியில் பாதி ஊர் சைவம், கறி போகாது. அது முடிந்த கையோடு தீபாவளி. நவம்பர் முதல் வாரத்தில் தீபாவளி வரும் ஆண்டில் காச்சுக்கான் குஞ்சை ஆகஸ்டு நடுவில் இறக்கினால் சரியாக வந்து நிற்கும். அதே தீபாவளிக்கு நாட்டுக்கோழி வேண்டுமென்றால் மே மாதம் நடுவிலேயே அடை வைத்திருக்க வேண்டும். மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு விற்பதானால் உயிரோடு விற்றுவிடுங்கள், அறுப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

(பிராய்லர் குஞ்சு கேட்பவர்களுக்கு: 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ தாண்டும், உண்மைதான். ஐந்தாம் வாரத்தில் ஒரு மத்தியான வெயிலில் நாலைந்து ஒன்றாக விழுவதும் உண்மைதான். காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரை தீனித் தொட்டியை எடுத்துவிட்டால் சாவு குறையும். எட்டு வாரத்துக்கு மேல் வைத்தால் கால் தாங்காது. கொல்லைக்கு இது ஏற்றதல்ல.)

## பழுப்பு முட்டைக்கோழி

லோமன் பிரவுன், ஹைலைன் பிரவுன், ஹைசெக்ஸ் என்று பேர் எதுவாக இருந்தாலும் நடத்தை ஒன்றுதான். வாரத்துக்கு ஐந்தரை முட்டை என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். நாளைக்கு 115 கிராம் என்றால் வாரத்துக்கு 2 ரிங்கிட் தீனி, முட்டைக்கு 37 சென். முட்டையிடத் தொடங்கப்போகும் பருவப் பெட்டையை 30 ரிங்கிட்டுக்கு வாங்கிக் கடைசியில் 10க்கு விற்றதாக வைத்தால், அந்த 20 ரிங்கிட்டை 300 முட்டையில் பரப்பினால் இன்னும் 7 சென். மொத்தம் 44. தீபகற்பத்தில் 2024 ஜூனில் அரசு ஏ தர முட்டைக்கு வைத்த விலை 42 சென். ஆக, காசு மிச்சம் பிடிக்க முட்டைக்கோழி வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சமையலறைக் கழிவும் கீரையும் போட்டுத் தீனியைக் கால்வாசி குறைத்தால் கொஞ்சம் லாபம் உண்டு. அதற்கு மேல் குறைத்தால் முட்டையும் சேர்ந்து குறையும். இந்தக் கோழியின் லாபம் விலையில் இல்லை. கடையில் தட்டுப்பாடு வந்தாலும் காலையில் நாலு முட்டை கூட்டில் கிடக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பண்ணையில் 75, 80 வாரம் முட்டையிட்டுக் கழித்த கோழியைப் பருவப் பெட்டை என்று விற்பவர்கள் உண்டு. காலைப் பாருங்கள்: 16, 17 வாரப் பெட்டையின் கால் மஞ்சளாக இருக்கும். மாதக்கணக்கில் முட்டையிட்ட கோழியில் மஞ்சள் முதலில் பின்துவாரத்தில், பிறகு கண் ஓரத்தில், அலகில், கடைசியாகக் காலில் என்று வெளுத்துக்கொண்டே போகும். கொண்டை பெரிதாகச் சிவந்து ஒருபக்கம் சாய்ந்து, காலும் வெளுத்திருந்தால் அது கிழடு. இளம் பெட்டையின் கொண்டை சிறுத்து வெளிர்ந்திருக்கும். இன்னொரு சோதனை: பின்பக்கத்து இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போனால் இட்டுக்கொண்டிருக்கும் கோழி, ஒரு விரல்தான் போகுமென்றால் இன்னும் தொடங்கவில்லை அல்லது நிறுத்திவிட்டது. தெரிந்தே மலிவாகக் கழித்த கோழி வாங்குவதில் தப்பில்லை. இறகு உதிர்த்து முளைத்தபின் இன்னும் சில மாதம் இடும்.

அடுத்த தொல்லை ஓடு மெலிவது. வெயிலில் கோழி வாய் திறந்து இளைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. தீனியும் குறைவாக எடுக்கும். இதனால் சுண்ணாம்பு எவ்வளவு போட்டாலும் மத்தியானச் சூடு குறையாதவரை ஓடு தேறாது. முதலில் நிழல், குளிர்ந்த தண்ணீர். அதிகாலையிலும் சாயங்காலம் ஐந்துக்குப் பிறகும் தீனி. துத்தநாகக் கூரையென்றால் மேலே அத்தாப்பு ஓலை போடுங்கள். அப்புறம்தான் சுண்ணாம்பு: லேயர் தீனியில் (முட்டையிடும் கோழிக்கான தீனி) சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 விழுக்காடு இருக்கும். கூடுதலுக்குக் கெராங் சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானாகத் தின்னும்.

மலேசியாவில் பகல் வருசம் முழுக்க ஏறக்குறைய 12 மணிதான். பண்ணைகள் விளக்குப் போட்டு 16 மணியாக நீட்டுகின்றன. கொல்லையில் விளக்கில்லாமல் பண்ணைக் கணக்கு வராது. அட்டவணையில் 250 முதல் என்று போட்டிருப்பது அதனால்தான். விடியுமுன் இரண்டு மணி நேரம் ஒரு சின்ன எல்இடி எரிந்தால் வித்தியாசம் தெரியும்.

தாமான் வீட்டுக்கு இதுதான் பொருத்தம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, சேவல் இல்லையென்றால் விடிகாலைக் கூவலும் இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டையும் இல்லை. நாலு கோழி வாரத்துக்கு இருபது முட்டை தரும், ஐந்து பேர் வீட்டுக்குப் போதும்.

## கருங்கோழி

இங்கே சொல்வது சில்கி வகையை: பஞ்சு மாதிரி இறகு, கறுத்த தோல், காலுக்கு ஐந்து விரல். சீனர்கள் மருந்துச் சூப்புக்குக் கேட்டு வாங்குவார்கள், ஊரில் சீன வாடிக்கை இருந்தால்தான் இதில் காசு. இதன் இறகு தண்ணீரைத் தள்ளாது. நனைந்த குஞ்சும் கோழியும் குளிரில் சுருண்டுவிடும். பறக்கவும் தெரியாது, ஒரு அடி உயரத்துக்கு மேல் குச்சி வைத்தால் ஏறாமல் தரையிலேயே ஒடுங்கும். மழைக்கு ஒழுகாத, தரை ஈரமில்லாத கூடு இல்லாதவர்கள் எடுக்க வேண்டாம்.

அடை படுப்பதில் மட்டும் இதை அடிக்க ஆளில்லை. மற்ற கோழியின் முட்டையை வைத்தாலும் படுத்துப் பொரிக்கும். சின்ன உடம்பு என்பதால் முட்டைக்கோழி முட்டை என்றால் ஆறு ஏழுக்கு மேல் வைக்காதீர்கள், ஓரத்து முட்டை ஆறிப்போகும். (கிளந்தானின் செராமாவைக் கேட்பவர்களும் உண்டு. அரைக் கிலோகூட வராத அழகுக் கோழி அது. போட்டிக்கு வளர்க்கலாம், குழம்புக்கு ஆகாது.)

## எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: வெள்ளைக் கழிச்சல்

எந்த இனத்தை எடுத்தாலும் ஒரே வாரத்தில் கூட்டைக் காலி செய்வது இதுதான். மலாயில் சம்பார். நாட்டுக்கோழி நோய் தாங்கும் என்பது பேனுக்கும் வெயிலுக்கும் ஓரளவு உண்மை, சம்பாருக்கு இல்லை. வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்து 1980களில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகம் விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த காலத்தில், நாட்டுக்கோழிகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

தண்ணீரில் கொடுப்பதானால் குழாய்த் தண்ணீர் கூடாது, குளோரின் உயிர் மருந்தைக் கொன்றுவிடும். மழைத்தண்ணீர் அல்லது ஒரு ராத்திரி திறந்து வைத்த தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அப்புறம் மருந்து. கோழிகளுக்கு முன்னதாக ஒன்றரை மணி நேரம் தண்ணீர் தராமல் இருந்தால் இரண்டு மணிக்குள் குடித்து முடித்துவிடும்.

## கலந்து வளர்ப்பதானால்

நிலம் இருப்பவர்களுக்கு ஓர் இனத்தில் நிற்க வேண்டிய அவசியமில்லை. நாட்டுப் பெட்டை ஐந்து, நாட்டுச் சேவல் ஒன்று, முட்டைக்கோழி மூன்று என்று வைத்தால் தினசரி முட்டை முட்டைக்கோழியிடமிருந்து, குஞ்சு நாட்டுக்கோழியிடமிருந்து. முட்டைக்கோழியின் கரு கூடிய முட்டையையும் நாட்டுப் பெட்டைக்கு அடியில் வைக்கலாம், எட்டுக்கு மேல் வேண்டாம். அந்தக் கலப்புப் பெட்டை நாட்டுக்கோழியைவிட நிறைய இடும், அடையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதில் தவறு நேர்வது இரண்டு இடத்தில். லேயர் தீனியை எல்லாருக்கும் போட்டால் அதிலுள்ள சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சேவலுக்கும் நல்லதல்ல. எல்லாருக்கும் குரோவர் தீனி (வளரும் கோழிக்கான தீனி), கெராங் ஓடு தனிக் கிண்ணம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தால் பெரிய கோழிக்குப் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். நார் அதிகம், குஞ்சுக்குக் கூடாது. அலகு வெட்டிய முட்டைக்கோழியை நாட்டுக்கோழி விரட்டியே கொல்லும், தீனித் தொட்டி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கும் வரிசை. பண்ணைக் கோழி தடுப்பு மருந்து போட்டு வரும். தனக்கு ஒன்றும் ஆகாமல் நோய்க் கிருமியைச் சுமந்து வந்து மற்றவற்றுக்குக் கொடுத்துவிடும். நாட்டுக்கோழிகளுக்கு வி4 போட்டு இரண்டு வாரம் ஆன பிறகே முட்டைக்கோழியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வந்ததையும் மூன்று வாரம் தனிக் கூட்டில், பழைய கூட்டைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் வையுங்கள். தீனி போடும்போது பழைய கோழிக்கு முதலில் போட்டுவிட்டுப் புதுக்கோழிக்குக் கடைசியாகப் போகவேண்டும்.